தழும்பின் மேல் வீக்கம்

“மூட்டை தூக்கினேங்க. அதுல வந்துச்சு. அப்படியே போட்டுக்குங்க.”

சவுரியப்பன் திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னார்.

சோபனாவுக்கு எரிச்சலாக வந்தது. தர்மபுரியில் அந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் பிரிவில், ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணை, அதாவது ‘கோடு’ நம்பரை, கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை.

“ஏங்க, டாக்டர் தெளிவா எழுதியிருக்கார். வயித்துல ஆபரேஷன் தழும்பு, அது மேலயே வீக்கம். ஆபரேஷன் பண்ண இடத்துல வர்ற ஹெர்னியாவுக்குத் தனிக் கோடு இருக்கு. எங்க ஆபரேஷன் பண்ணீங்க?”

“ஞாபகம் இல்லீங்க.”

“வயித்தைத் திறந்தது ஞாபகம் இல்லையா?”

பக்கத்தில் அவர் மனைவி கேத்தரின் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எதையோ மறைத்து இன்சூரன்ஸை ஏமாற்றப் பார்க்கிறார்கள். சோபனாவுக்குச் சந்தேகமே இல்லை.

“தப்பான கோடு போட்டா கிளைமைத் திருப்பிடுவாங்க. மொத்தச் செலவும் உங்க தலையிலதான்.”

“பரவாயில்லீங்க. வண்டி ஓட்டிக் கட்டிக்கிறேன்.”

அதற்கு மேல் கேத்தரினால் பொறுக்க முடியவில்லை.

“லாரி டிரைவருங்க இவரு. போன வருசம் தொப்பூர் கணவாய்ல வண்டி கவுந்து குடலே கிழிஞ்சிருச்சு. பொழைக்க மாட்டாருன்னு எங்கயும் சேத்துக்கலீங்க. ஒரு டாக்டரம்மாதான், ‘எங்கிட்ட விடுங்க’ன்னு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அவங்க போட்ட தையல்லதான் இப்படி ஆச்சுன்னு நீங்க எழுதினா, அவங்களுக்குக் கெட்ட பேரு வந்துருமாம். அதான் வாயே தெறக்க மாட்டேங்கறாரு.”

சோபனா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அண்ணா, இந்தக் கோடு யார் மேலயும் குத்தம் சொல்லாது. எவ்வளவு நல்லா தைச்சாலும் சிலருக்கு அந்த இடம் பலவீனமாகி இப்படி வரும். இது அந்த நோவுக்கு வெச்ச நம்பர், அவ்வளவுதான். டாக்டரம்மாவை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“நெசமாவா?”

“நெசமாதாங்க.”

சவுரியப்பன் முகம் தெளிந்தது. “அப்ப போட்டுக்குங்க.”

கோடு ஏறியது. சோபனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

“அவங்க பேரு கெடக்கூடாதுன்னு இவ்வளவு செலவையும் நீங்களே ஏத்துக்கப் பாத்தீங்களேண்ணா!”

“பேருக்காக மட்டும் இல்லீங்க. கேள்வி கேட்டுக் கேட்டு அவங்களைப் பயமுறுத்திட்டா, அடுத்து தொப்பூர்ல அடிபட்டு வர்றவனை அவங்களும் சேத்துக்க மாட்டாங்களே!”