பழசு மாதிரி ஒரு பெஞ்சு

பெஞ்சு கெட்டுப்போனது. கால் நாலும் கரிக்கட்டையாகக் கறுத்துவிட்டன. மேல்பலகை மட்டும் துருப்பிடித்த தகரம்போல மஞ்சளடித்துக் கிடந்தது.

கண்ணுசாமி மணியைப் பார்த்தார். பன்னிரண்டு. நாலு மணிக்கு மாதா கோயில் சாமியார் வந்து புது வீட்டை மந்திரிக்கப் போகிறார். ஊரே வரும்.

மகள் சத்யா, பீட்டரைக் கட்டிக்கொண்டு கீரனூரிலிருந்து மணமேல்குடிக்கு வந்து மூன்று வருஷம். கண்ணுசாமி கல்யாணத்துக்கும் போகவில்லை, இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் இல்லை. போன மாதம் அவளே போன் பண்ணினாள்.

"அப்பா, புது வீட்டு வாசல்ல போட ஒரு பெஞ்சு வேணும். புதுசாத்தான் செய்யணும். ஆனா நாப்பது வருஷம் மழையில வெயில்ல கெடந்த மாதிரி இருக்கணும். ஒங்களால முடியுமா?"

முடியுமா என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் தச்சு வேலை பார்த்தவர்.

நேற்றே மரத்தோடு வந்து இறங்கிவிட்டார். காலுக்குச் சொந்தக் கொல்லையில் வெட்டிய கருவேலம். பலகைக்கு, திருச்சிக்கு மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டியைப் பிரித்தெடுத்த பெட்டிப் பலகை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வரி எழுப்பினார். பழைய ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறப்போட்டு எடுத்த தண்ணீரைக் காலையில் பூசினார். மரத்தை அதுதான் பழசாக்கும் என்று கேள்வி.

"ரெண்டு பெஞ்சை ஒட்டவச்ச மாதிரி இருக்கேப்பா," என்றாள் சத்யா.

"எனக்கும் கண்ணு தெரியுது."

"இன்னொரு தடவை பூசிப் பாருங்களேன்."

"மூணு தடவை பூசியாச்சு. போயி வேலையைப் பாரு."

பீட்டரின் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நேற்றிலிருந்து இவரும் அவளிடம் பேசவில்லை, அவளும் இவரிடம் பேசவில்லை. பெஞ்சுக் காலை நகத்தால் சுரண்டினாள். மோந்து பார்த்தாள். பலகையையும் சுரண்டினாள். உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியா? வர்றவுககிட்டச் சொல்லிச் சிரிக்க ஒண்ணு கெடச்சிருச்சு ஒங்க மாமியாருக்கு."

"அத்தை அப்படியில்லப்பா."

"எப்படின்னு எனக்குத் தெரியும். வண்டியைக் கூப்பிடு. இதை ஏத்திக்கிட்டு நான் கெளம்புறேன். நாலு பேரு முன்னாடி இதைப் போட்டுட்டு நிக்க என்னால ஆகாது."

சத்யா அசையவில்லை. இன்று போனால் இனி வரமாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் பீட்டரின் அம்மா ஆவி பறக்க ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே என்னவோ கறுப்பாக இருந்தது. பலகையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊற்றினாள்.

"ஏம்மா, ஒனக்கு அறிவு இருக்கா? பெஞ்சு நல்லா இல்லேன்னா வாயால சொல்லு. கழனித்தண்ணியைக் கொண்டாந்து ஊத்துவியா?"

"கையைக் கொஞ்சம் எடுங்க," என்றாள். துணியால் தேய்க்க ஆரம்பித்தாள்.

கண்ணுசாமி துணியைப் பிடுங்கப் போனார். போன கை பாதியில் நின்றது.

பலகையின் ஓரம் மங்கியது. பிறகு நடுவில் சாம்பல் நிறம் படர்ந்தது, மழைக்கு மேகம் கூடுகிற மாதிரி. பிரஷ் போட்ட வரிகள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும்பின. மஞ்சள் போன இடம் தெரியவில்லை. கண்ணெதிரே ஒரு மரத்துக்கு வயசாகிக்கொண்டிருந்தது. பத்தே நிமிஷம். கரையில் இழுத்துப் போட்ட பழைய வள்ளத்தின் கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்து, காலோடு சேர்ந்து ஒரே பெஞ்சாகிவிட்டது.

தொட்டுப் பார்க்கக்கூட அவருக்குத் தயக்கமாக இருந்தது. ஆயுசெல்லாம் மரத்தோடு மாரடித்தவர். மரம் இப்படிச் செய்து பார்த்ததில்லை.

"என்னது இது?" குரல் இறங்கியிருந்தது.

"டீத்தண்ணி. எங்கப்பா கருவேலம்பட்டையைக் கொதிக்க வச்சுத்தான் வலைக்குச் சாயம் போடுவாரு. அந்த வலை நங்கூரத்துல பட்ட எடமெல்லாம் கறுத்துப்போகும். துவர்ப்பும் இரும்பும் சேந்தா அப்படித்தான். நீங்க பூசுன ஆணித்தண்ணியில இரும்பு இருக்கு, ஒங்க கருவேலங்கால்ல துவர்ப்பு இருக்கு, கறுத்துருச்சு. பெட்டிப் பலகையில அது இல்ல. இப்பப் பட்டைக்கு எங்கிட்டுப் போறது? வீட்டுல இருந்த டீத்தூளைப் போட்டேன், அதுவும் துவர்ப்புத்தானே."

"எம்புட்டு?"

"எல்லாத்தையும்தான். வர்றவுகளுக்கு சர்பத் கரைச்சாப் போச்சு."

குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண்ணுசாமி பலகையை ஒரு தடவை தடவிவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு எதுக்கு இந்த ஆசை? கடையில நல்ல பெஞ்சு கெடைக்காமயா போச்சு?"

"ஆசை என்னோடது இல்லப்பா," என்றாள் சத்யா. "அத்தை சொல்லித்தான் போன் பண்ணினேன். விருந்துன்னு கூப்பிட்டா ஒங்கப்பா வரமாட்டாரு, வேலைன்னு கூப்பிட்டா வந்துருவாரு, முடியாத வேலையாப் பாத்துச் சொல்லுன்னாக."

அவர் வண்டியைப் பற்றி அப்புறம் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

நாலு மணிக்குச் சாமியார் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டமும் நின்றது.

"எந்தக் காலத்துப் பெஞ்சு இது? யாரு செஞ்சது?"

எல்லோரும் கண்ணுசாமியைப் பார்த்தார்கள்.

"நேத்துச் செஞ்சது சாமி. நான் கெடுத்துட்டேன்." அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

"சரிபண்ணுனது எங்க சம்பந்தியம்மா, சந்தனமேரி."