கேட்பாரற்றோர் பட்டியல்

"அங்கம்மா பேர அடிச்சிடு, நைனா. அவளுக்குப் புள்ள கீறான்."

மங்கை ஆயா இப்படிச் சொன்னதும் தாமோதரன் நிமிர்ந்து பார்த்தார்.

உலக யுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில், வயசானவர்களைக் கவனிக்க ஊர்க்காரர்களே ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். தினம் மத்தியானம் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூழ், வாரத்தில் ஒரு நாள் டாக்டர். பள்ளிக்கூட வாத்தியார் தாமோதரன்தான் காரியதரிசி. மூன்று மாசம் வீடு வீடாக நடந்து அவர் போட்ட திட்டம் அது.

கேழ்வரகு இருபது பேருக்குத்தான் கிடைத்தது. அதனால், பார்த்துக்கொள்ள யாரும் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று முடிவு. பெயர்களைச் சுவரில் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்றார்கள்.

முதல் ஆட்சேபமே மங்கையிடமிருந்து வந்தது. அவள் பெயரும் அதே பட்டியலில் இருந்தது.

"பிள்ளை எங்க இருக்கான் ஆயா?"

"கப்பல்ல கலாசியா கீறான். அவன்தான் ஆத்தாளுக்குப் படியளக்கிறான்."

"ஆறேழு வருஷமா அவனை யாருமே பார்க்கலையாமே?"

"பாத்தாதான் புள்ளையா? அடின்னா அடி. சும்மா பேஜாரு பண்ணாதே!"

அவள் போனதும் கூழ் காய்ச்சும் பிலோமி சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா மீன் வித்தவங்க, சார். கூடை வைக்கிற எடத்துக்குத் தெனம் சண்டை. அந்தக் காண்டு இன்னும் போவல போல."

இந்த வயசிலும் இவ்வளவு பொறாமையா என்று தாமோதரனுக்குக் கசந்தது. ஆனாலும் விதி விதிதானே. அங்கம்மாவின் பெயரை அடித்தார்.

கூழ் ஊற்ற ஆரம்பித்துப் பத்து நாள் ஆயிற்று. அன்றைக்கு மங்கை பாதி குடித்துவிட்டு, மீதியை ஒரு தகர டப்பாவில் ஊற்றி முந்தானைக்குள் மறைத்தாள். தாமோதரன் பார்த்துவிட்டார்.

"இங்கேயே உட்கார்ந்து குடிக்கணும் ஆயா. வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கோமில்ல?"

"வவுறு ரொம்பிடுச்சி, நைனா. அப்பால குடிச்சிக்கிறேன்."

"இன்னிக்கு மட்டும்தான்" என்று விட்டுவிட்டார்.

பிலோமி அவர் காதோரம் வந்தாள். "தெனமும் இதே கதைதான் சார். நேரா அங்கம்மா வூட்டுக்குத்தான் போவுது அந்த டப்பா."

தாமோதரனுக்குச் சுருக்கென்றது. பெயரையும் அடிக்கச் சொல்லி, கூழையும் கொண்டுபோய்க் கொடுக்கிறாளா? ஓகோ! அந்தக் கிழவி கடைசி வரைக்கும் தன் கையையே எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும், அதுதானே எண்ணம்? ஊரார் கூழில் இவளுக்குப் பெரிய மனுஷித்தனம்!

அன்று சாயங்காலமே அங்கம்மாவின் குடிசைக்குப் போனார். கால் இரண்டும் வீங்கி, வாசலில் உட்கார்ந்திருந்தாள் அவள்.

"வா வாத்யாரே. இன்னா இம்மாந்தூரம்?"

"உங்க பேரைத் திரும்ப எழுதிட்டேன்மா. நாளையிலிருந்து கொட்டகைக்கு வாங்க. இனிமே நீங்க யார் தயவுலயும் இருக்க வேண்டாம்."

அங்கம்மா சிரித்தாள். "நான் யாரு தயவுல கீறேன்? என் புள்ள கேவுரு அனுப்புறான். என்னால நிக்க முடியலன்னு மங்கைதான் காச்சி எடுத்தாறா."

"பிள்ளை அனுப்பறதா? யார் சொன்னது? அது எங்க கமிட்டிக் கூழ்மா! மங்கை தன் பங்குல பாதியைத்தான் உங்களுக்குக் கொண்டாறாங்க."

அங்கம்மாவின் சிரிப்பு நின்றது.

"எத்தினி நாளா?"

"பத்து நாளா."

"அதுக்கு முந்தி?"

பதிலுக்குக் காத்திராமலே அவள் கடல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போய்வருகிறேன் என்று சொன்னதுகூட அவள் காதில் விழுந்த மாதிரி இல்லை.

மறுநாள் மத்தியானம், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அங்கம்மா கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள்.

"பேரு அங்கம்மா. யாரும் இல்ல. எழுதிக்கோ."

கூழை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

தாமோதரன் மங்கையைப் பார்த்தார். பார்த்தாயா, நியாயம் எப்படி வந்து சேர்ந்தது என்கிற பார்வை. மங்கை எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் குரல் எழும்பவே இல்லை.

"இன்னா சொன்னே அவகிட்ட?"

"உள்ளதைத்தான் சொன்னேன் ஆயா."

"அவ புள்ள போன கப்பலு சண்டைல முழுகிப்போச்சின்னு காயிதம் வந்து ஏழு வருசம் ஆவுது, நைனா. அன்னிக்கு அவ சொரத்துல பெனாத்திக்கினு கெடந்தா. நான்தான் வாங்குனேன். படிச்சிச் சொன்ன தபால்காரர்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு அடுப்புல போட்டுட்டேன். மீன் வித்த வரைக்கும் என் காசுல காச்சி, புள்ள அனுப்பிச்சான்னு குடுத்தேன். இப்ப என் கண்ணும் மங்கிப்பூட்ச்சி, ஏவாரமும் பூட்ச்சி."

"என்கிட்ட... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆயா?"

"யாருமில்லாதவன்னு எழுதிச் செவுத்துல ஒட்டுறியே, உன்கிட்டயா?"

அங்கம்மாவின் முன்னால் கூழ் அப்படியே இருந்தது. பிலோமி குனிந்து குடிக்கச் சொல்லிப் பார்த்தாள். அவள் அசையவில்லை.

மங்கை அந்தப் பக்கம் பார்க்கமாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏழு வருசமா அந்தப் புள்ளைய உசுரோட வெச்சிக்கினு இருந்தேன், நைனா. நேத்து சாயங்காலம் நீ போய்ச் சாவடிச்சிட்டு வந்துட்டியே!"