நோயில்லாத முழங்கால்

சமையலறை வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

உள்ளே, தரையிலிருந்து அம்மா எழுந்துகொண்டிருந்தாள். மகள் வந்தது அவளுக்குத் தெரியாது.

ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். மறு கையால் கேஸ் சிலிண்டரைப் பிடித்தாள். பாதி எழுந்து, அப்படியே நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வலது கால் நிமிர மாட்டேன் என்றது.

ஆனால் ஒரு முனகல்கூட வரவில்லை. யாருமில்லாத வீட்டிலும் சத்தமில்லாமல் வலியைப் பொறுக்கப் பழகியிருந்தாள்.

கடவுளே, இது இன்று நேற்று வந்த வலியா?

பெற்ற மகள். அதுவும் முழங்கால் தேய்மானத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். இத்தனை நாளாகக் கண் என்ன பிடரியிலா இருந்தது?

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதற்கு முன்பே மூட்டுநீரில் சில புரதங்கள் கூடிவிடுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நோயாளிகள் கிடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வலியே இல்லாதவர்களின் மூட்டுநீரும் வேண்டும். நல்ல முழங்காலில் ஊசி குத்திக்கொள்ள எவர் வருவார்? ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

அம்மா வந்தாள்.

"எனக்கென்னங்க, குதிரையாட்ட இருக்கறேன்" என்று டாக்டரிடம் சிரித்துக்கொண்டே வலது காலை நீட்டினாள்.

முடிவு வந்தபோது அந்த ஒரு சாம்பிளில் மட்டும் புரதம் எகிறி நின்றது. நோயாளிகளில் பலருக்கே அவ்வளவு இல்லை.

"எங்கயோ கெட்டுப்போயிருக்கும், தூக்கிருங்க மேடம்" என்றான் கூட வேலை செய்யும் பெலிக்ஸ்.

தூக்கிவிட்டாள். வரைபடம் அழகாக வந்தது.

அது அம்மாவுடையது என்று தெரிந்தேதான் தூக்கினாள். சாம்பிளைச் சந்தேகப்பட்டாள். அம்மாவின் சிரிப்பைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றே வைத்தியம் தொடங்கியிருக்கலாம். தரையில் உட்காராதே என்றாவது சொல்லியிருக்கலாம். பாவி, தினமும்தான் போனில் பேசினாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரையை இதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்லத்தான் மைசூர்பாகோடு இன்று வந்திருக்கிறாள்.

அம்மா திரும்பினாள். மகளைக் கண்டதும் முகத்திலிருந்த வலி போன இடம் தெரியவில்லை.

"எப்ப வந்தே கண்ணு? சத்தமே காட்டாம நிக்கறே?"

வேறு எதுவும் பேசத் தைரியம் வராமல், கட்டுரையின் செய்தியை மட்டும் சொன்னாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"என்ற காலுத் தண்ணி உதவுச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லம்மா. அதைச் சேத்துக்க முடியல."

அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. மகளின் வேலையைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள் போலும். மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, இடது முழங்காலைத் தட்டிக் காட்டினாள்.

"அப்ப இதுல எடுத்துக்க கண்ணு. இது படி ஏறறப்ப மட்டுந்தான் வலிக்குது."