பாம்புக் காது

வருகிறவரின் முகத்தைப் பார்த்தே எதை வாங்குவார் என்று சொல்லிவிடுவார் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர். இந்த அம்மாவோ அவரையே அசத்தினார்.

"போன்ல இருக்கிற பாட்டை ஸ்பீக்கருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்குமே, 'டாக்'னு ஒரு பெட்டி, அதை நாமளே பூட்டிக்கிற கிட்... அது வேணும் தம்பி."

"இதை எடுத்துக்குங்கம்மா. பாதி பூட்டியே வரும். அரை நாள் வேலைதான்."

"அரை நாளா? வேண்டவே வேண்டாம். எல்லாம் தனித்தனியா வர்றது இல்லையா?"

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருக்கு. ஆனா பொடிப்பொடியா நூத்துக்கணக்குல பார்ட்ஸ். ஒவ்வொண்ணா சால்டர் வைக்கணும். கண்ணு ரெண்டும் போயிடும்."

"டிரான்ஸ்பார்மர் காயிலையும் நாமளே சுத்தணுமா?" அந்த அம்மாவின் குரலில் அப்படியோர் ஆசை.

"ஆமா. ஒரு பார்ட் மாறிப்போனாலும் மூச்சு விடாது. மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி பூட்டணும்."

"அப்படிப் போடுங்க! அதையே கொடுங்க."

இது சரியான பாம்புக் காது, ரெடிமேட் சத்தமெல்லாம் இங்கே எடுபடாது என்று முடிவுகட்டிய கடைக்காரர், மரியாதையாக எழுந்து நின்று பெட்டியைக் கட்டினார்.

"வீட்ல எந்நேரமும் பாட்டுதான் போலிருக்கு?"

"பாட்டா? எங்க வீட்ல ஸ்பீக்கரே கிடையாது தம்பி. வீட்டுக்காரர் போன மாசம் ரிட்டயர் ஆனார். பொழுது போகலைன்னு முதல்ல மிக்ஸியைப் பிரிச்சார். அப்புறம் வாஷிங் மெஷின். ரெண்டும் இன்னும் ஒண்ணு சேரலை. சீக்கிரம் பில்லைப் போடுங்க. நான் கிளம்பும்போது ஸ்க்ரூடிரைவரும் கையுமா ஃபிரிட்ஜைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தார்!"