கோழி அண்ணாந்து பார்ப்பது

அன்று தொழுவத்தில் கோழியும் வெள்ளாடும் கழுதையும் மட்டுமே இருந்தன. கோழி ஒவ்வொரு வாய் நீருக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்தது.

“யாரைக் கும்பிடுகிறாய், அக்கா?” என்றது ஆடு.

“தண்ணீர் தந்தவரை.”

“அண்ணாந்தால்தான் உன் தொண்டையில் நீர் இறங்கும். அதற்குப் பக்தி என்று பெயரா?”

கழுதை சிரித்தது.

“இருக்கலாம், தம்பி. நேற்று என் குஞ்சைப் பருந்து தூக்கிச் சென்றபோதும் அண்ணாந்துதான் நின்றேன். அப்போது என் வாயில் தண்ணீர் இல்லை.”

கழுதையின் சிரிப்பு நின்றது. ஆடு குரலைத் தாழ்த்தியது.

“பருந்தும் அந்த வானத்திலிருந்துதானே வந்தது?”

“ஆமாம். குஞ்சைத் திருப்பிக் கேட்க எனக்கு வேறு இடம் தெரியவில்லை.”

வெளியே வெட்டவெளியில் மீதிக் குஞ்சுகள் கிளறிக்கொண்டிருந்தன. ஆடு வெளியேறி அவற்றை நோக்கி நடந்தது.