மஞ்சள் ஜன்னல் வீடு

கால்வாய்க்கரை மாளிகைகளை எல்லாம் இரண்டே வரியில் சொல்லித் தள்ளிவிட்டு, மஞ்சள் ஜன்னல் வீட்டருகே சுற்றுலாப் படகு வந்ததும்தான் வழிகாட்டி அம்மாள் மைக்கைத் தட்டிச் சரிசெய்தாள்.

“இங்கதாங்க அந்த ராட்சசி குடியிருந்தா. மாமியார் பாடுபட்டுக் கட்டின வீடு. அவளையே மாத்துத் துணிகூட இல்லாம இந்தப் படியில எறக்கிவிட்டா!”

“அடிப்பாவி!” என்று பயணிகள் கொதித்தார்கள். வழியில் வந்த பழைய பாலத்தைக்கூடப் படமெடுக்காதவர்கள் இந்த வீட்டைப் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள்.

“எந்த நூற்றாண்டுல நடந்துச்சும்மா?” என்றார் தொப்பிக்காரர்.

ஜன்னல் படாரென்று திறந்தது.

“அத்தை! தினம் ஊரைக் கூட்டிட்டு வந்து மானத்த வாங்குறீங்களே, வெக்கமா இல்ல?”

“போன மாசங்க,” என்றாள் வழிகாட்டி. “படகை மெதுவா விடுப்பா. எல்லாரும் அவ மூஞ்சியை நல்லாப் பாத்துக்கட்டும்.”