ராகு தசை முடியாத வீடு

ஜெயபாலன் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், “பாதுகாப்பு இல்லை” என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்தது அந்தப் பழைய கம்ப்யூட்டர்.

காஜா பெராங் என்ற பகுதியில் அது சேதுராமன் வீடு. சற்றுத் தள்ளி செங் என்ற ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயபாலனை வரச் சொன்னவள் அவர் மகள் சந்திரமதி. பிரௌசர் ஒரு சாக்கு. கல்யாணப் பேச்சை அப்பாவிடம் இன்னொரு தடவை எடுக்க வேண்டும், அதுதான் விஷயம்.

சேதுராமனுக்கு அவனைப் பிடிக்கும். ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் மகளுக்கு ராகு தசை முடிய வேண்டுமாம்.

மனைவி போன பிறகு மனிதருக்கு இரண்டே துணை. ஒன்று மகள். இன்னொன்று கம்ப்யூட்டரில் இருக்கும் ஜாதக மென்பொருள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் திறந்து, ‘இன்றைய தசை’ என்ற வரியை உரக்கப் படிப்பார். போன தீபாவளிக்கும் ராகு, இந்தத் தீபாவளிக்கும் ராகு.

“ராகுவுக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு போலப்பா,” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள் சந்திரமதி. ஆனாலும் வயது முப்பதைத் தொட்டுவிட்டது.

ஜெயபாலன் திரையின் மூலையைப் பார்த்தான். அங்கே 2018. நாட்டில் நடப்பதோ 2019.

தேதி தப்பாக இருந்தால் பிரௌசர் எந்தத் தளத்தையும் நம்பாது. அவன் வருஷத்தை மாற்றினான். செய்திப் பக்கம் பளிச்சென்று திறந்தது.

சந்திரமதிக்குப் பொறி தட்டியது. ஓடிவந்து ஜாதகத்தைத் திறந்தாள்.

‘இன்றைய தசை: குரு.’

ராகு தை மாதமே நடையைக் கட்டியிருந்தார். அவள் துள்ளிக் குதிக்காத குறைதான். சேதுராமன் மட்டும் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

“தேதி எப்படி மாறிச்சு?” என்று கேட்டாள் சந்திரமதி.

“உள்ள இருக்கிற பேட்டரி கோங் ஆயிருச்சு, சுத்தமா செத்துப்போச்சு. பழைய கம்ப்யூட்டர் லா,” என்றான் ஜெயபாலன்.

சேதுராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலண்டரைக் கழற்றி எடுத்து, முகூர்த்த நாள் தேட ஆரம்பித்தார்.

பேட்டரி செத்தால் கம்ப்யூட்டர் தான் பிறந்த வருஷத்துக்கே ஓடிவிடும். இது சரியாக ஒரு வருஷம்தான் பின்தங்கியிருந்தது. நாள் சரி, மணி சரி. யாரோ கையால்தான் மாற்றியிருக்க வேண்டும். அந்த வீட்டில் சந்திரமதியை விட்டால் இருப்பது ஒரே ஆள்.

ஜெயபாலனுக்குக் கோபம் வரவில்லை. மகளும் போய்விட்டால் தனியாகிவிடும் மனிதரைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது.

“கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க செங்குக்குப் போகல மாமா,” என்றான். “இந்தத் தெருவுலயே வீடு பார்த்துக்கிட்டு இருக்கோம்.”

சந்திரமதி அவனை வெறித்துப் பார்த்தாள். குடிபோக இருந்த செங் வீட்டு ஜன்னல்களுக்கு அளவெடுத்து, திரைச்சீலைகூட வாங்கி வைத்திருந்தாள்.